படநூலும் குழந்தையும்: தங்கவயல் தரும் பாடம்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டுக் காலத்தில் ஏறத்தாழ 800 டன் பொன்னை நாட்டிற்கு அளித்த நிலம் அது. மைசூர், சாம்பியன் ரீப், நந்திதுர்க் என்னும் மூன்று பெருஞ்சுரங்கங்கள் இறுதிவரை நிலைத்து நின்றன. இவற்றுள் நந்திதுர்க், மைசூர்ச் சீமையின் புகழ்பெற்ற மலைக்கோட்டை ஒன்றின் பெயரைத் தாங்கியது. சுரங்கம் ஓய்ந்தபின்னும் அதனைச் சுற்றியிருந்த குடியிருப்புகள் ஓயவில்லை. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளரின் வழிவந்தோர் இன்றும் அங்கு வாழ்கின்றனர்.

ஆனால் அவர்களுடைய அன்றாட வாழ்வின் முறை மாறிவிட்டது. முன்னாளில் தொழிலாளி தம் வீட்டிலிருந்து நடந்தே சுரங்க வாயிலை அடைந்தார். இன்று தங்கவயலின் ஆண்களும் பெண்களும் பெருந்தொகையினராக மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை இரயிலேறி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்குச் சென்று வேலை செய்து, இரவில் திரும்புகின்றனர். குழந்தை கண் விழிக்கும்முன் பெற்றோர் புறப்பட்டுவிடுகின்றனர். அவர்கள் திரும்பும்போது குழந்தை உறங்கும் நேரமாகிவிடுகிறது. பகல் முழுவதும் குழந்தையுடன் இருப்பவர் பாட்டியோ தாத்தாவோதான். அவர்கள் பேசுவது தமிழ். பள்ளியில் குழந்தை கற்பது கன்னடமும் ஆங்கிலமும். தெருவில் தெலுங்கும் உருதும் காதில் விழுகின்றன.

இத்தகைய குழந்தைக்கு யார், எம்மொழியில், எதைக் கொண்டு படிப்பில் ஈடுபாட்டை உண்டாக்குவது? இவ்வினாவிற்கு எளிய விடையொன்று உண்டு. அதுவே படநூல். நாம் பேச்சில் படப்புத்தகம் என்று சொல்லும் இச்சிறு நூல், பல மொழிகள் கலந்து வாழும் ஊரில் எத்துணைப் பெரும்பணி ஆற்ற வல்லது என்பதையும், அதனைத் தேடிக் கண்டு குழந்தையுடன் படிக்கும் முறையையும் இங்குக் காண்போம்.

படநூல் என்பது யாது?

படம் உள்ள நூல்களெல்லாம் படநூல்கள் அல்ல. பாடப்புத்தகத்திலும் படம் உண்டு. அங்கே படம் எழுத்திற்குத் துணை. அதனை நீக்கினாலும் பாடம் நிற்கும். படநூலிலோ கதையைப் படமும் எழுத்தும் பங்கிட்டுக்கொள்கின்றன. எழுத்துச் சொல்லாததைப் படம் சொல்லும். படம் மறைப்பதை எழுத்து உணர்த்தும். இரண்டில் ஒன்றை நீக்கினால் கதை குறைபடும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். நந்தினி நாயர் எழுதி, பிரொய்தி ராய் படம் வரைந்த நூலொன்றைச் சென்னையைச் சேர்ந்த தூலிகா பதிப்பகம் வெளியிட்டது. சப்பாத்தி மாவில் ஓர் உருண்டையைப் பெற்ற சிறுவன், என்ன செய்யலாம் என்று எண்ணி அதைப் பாம்பாகவும் எலியாகவும் பூனையாகவும் உருட்டிப் பார்க்கிறான். ஒவ்வோர் உருவமும் உயிர்பெற்று எழுவதுபோல் அவனுக்குத் தோன்ற, மீண்டும் மாவை உருட்டிவிடுகிறான். எழுத்து மிகக் குறைவு. மாவு எங்கே முடிந்து பாம்பு எங்கே தொடங்குகிறது என்பதைக் குழந்தை படத்தில்தான் காண்கிறது. நூலை மூடியதும் அடுப்பங்கரைக்கு ஓடி மாவு கேட்காத குழந்தை அரிது. வீட்டில் உள்ள பொருளையே வியப்பிற்குரியதாக்கும் இத்திறமே நல்ல படநூலின் இலக்கணம்.

குழந்தைகளுக்கென அமைந்த படநூல்களுள் காலத்தால் முற்பட்டதாகக் கல்வியாளர் கருதும் நூல் 1658ஆம் ஆண்டில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் வெளிவந்தது. அதனை ஆக்கியவர் கொமேனியஸ் என்னும் மொராவிய நாட்டுக் கல்வியாளர். 150 பகுதிகள் கொண்ட அந்நூலில் உலகத்துப் பொருள்களின் படங்கள் மேலே இருக்க, கீழே அவற்றின் விளக்கம் இலத்தீனிலும் ஜெர்மன் மொழியிலுமாக அருகருகே அமைந்திருந்தது. அதாவது, படநூல் தோன்றும்போதே இரு மொழிகளை இணைப்பதற்காகத் தோன்றியது. வீட்டு மொழியிலிருந்து பள்ளி மொழிக்குக் குழந்தை செல்ல வேண்டிய பாதையில் படம் பாலமாக வைக்கப்பட்டது. மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின் தங்கவயல் எதிர்நோக்குவதும் இதே தேவையைத்தான்.

ஒரே படம், பல எழுத்து

இந்தியாவில் படநூல் பரவியதற்கு அச்சுத்தொழிலின் ஒரு நுட்பம் பெரிதும் துணைபுரிந்தது. வண்ணப் படம் நீலம், செந்நீலம், மஞ்சள், கருப்பு ஆகிய நான்கு மைகளைக் கொண்டு அச்சிடப்படுகிறது. ஒவ்வொரு மைக்கும் தனித்தனித் தகடு. எழுத்துகள் கருப்பு மையில் மட்டும் அமைந்தால், வண்ணங்களுக்குரிய மூன்று தகடுகளையும் எல்லா மொழிகளுக்கும் பொதுவாக வைத்துக்கொண்டு, கருப்புத் தகட்டை மட்டும் மாற்றி நூலைத் தமிழிலும் கன்னடத்திலும் வங்காளத்திலும் அச்சிட்டுவிடலாம். ஒரு மொழிக்கு மட்டும் சில ஆயிரம் படிகள் அச்சிட்டால் கட்டுப்படியாகாத வண்ணநூல், பல மொழிகளுக்கும் சேர்த்து அச்சிடும்போது எளிய விலைக்குக் கிடைக்கிறது.

1957ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற நேஷனல் புக் டிரஸ்ட், நேரு பால புத்தகாலயம் என்னும் வரிசையில் குழந்தை நூல்களைப் பல இந்திய மொழிகளில் இவ்வாறு பொதுப் படங்களுடன் வெளியிட்டது. மிக்கி பட்டேல், ஜகதீஷ் ஜோஷி, புலக் பிஸ்வாஸ் போன்ற ஓவியர்களின் படங்கள் நாட்டின் பல பகுதிக் குழந்தைகளுக்கும் பொதுச்சொத்தாயின. அதே 1957இல் கேலிச்சித்திரக்காரர் சங்கர் தில்லியில் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டைத் தொடங்கினார்.

தமிழ் வீடுகளின் தாத்தாக்களுக்கும் பாட்டிகளுக்கும் இம்முறை புதியதன்று. 1947ஆம் ஆண்டு ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய இதழ்தான் அம்புலிமாமா. பின்னர் கன்னடம் உட்படப் பல மொழிகளுக்கு அது விரிந்தது. ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தனும் அவன் தோளில் தொங்கும் வேதாளமும் எல்லா மொழிப் பதிப்புகளிலும் ஒன்றே. கீழே இருந்த எழுத்து மட்டுமே வேறு. 2013ஆம் ஆண்டளவில் அவ்விதழ் நின்றுபோயிற்று. எனினும் அது விட்டுச்சென்ற பாடம் நிற்கவில்லை.

அண்மைக் காலத்தில் இப்பணியைப் புதிய பதிப்பகங்கள் மேற்கொண்டுள்ளன. 1996இல் சென்னையில் தொடங்கிய தூலிகா, தமிழும் கன்னடமும் உட்பட ஒன்பது மொழிகளில் ஒரே படநூலை வெளியிடும் முறையைக் கைக்கொண்டது. 2004இல் பெங்களூரில் தோன்றிய பிரதம் புக்ஸ், குறைந்த விலை நூல்களைப் பல மொழிகளில் அளித்தது. 2015 செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாளன்று, ஸ்டோரிவீவர் என்னும் கட்டணமில்லா மின்னூலகத்தையும் அது திறந்தது. அங்குள்ள கதைகளை எவரும் படிக்கலாம், மொழிபெயர்க்கலாம், அச்சிட்டும் வழங்கலாம். ஆண்டுக்கொருமுறை மட்டும் முடிவெட்டிக்கொள்ளும் சிருங்கேரி சீனிவாசன் என்னும் உழவர், தம் நீண்ட முடியை வெட்ட நேரமுள்ளவர் எவரையும் காணாது அலையும் வேடிக்கைக் கதை, கன்னட மண்ணில் பிறந்து பல மொழிகளுக்குச் சென்ற நூல்களுள் ஒன்று.

புலியும் ஹுலியும்

ஒரே படநூலின் தமிழ்ப் பதிப்பையும் கன்னடப் பதிப்பையும் அருகருகே வைத்துப் படிப்பதால் விளையும் பயன் தனிச்சிறப்புடையது. படத்தில் ஒரு புலி இருக்கிறது எனக் கொள்வோம். பாட்டி அதைப் புலி என்கிறார். பள்ளியில் கன்னடம் கற்கும் குழந்தை ஹுலி என்கிறது. அடுத்த பக்கத்தில் கிண்ணத்தில் பால்; கன்னடத்தில் ஹாலு. சிரிக்கும் சிறுவனின் பல்; கன்னடத்தில் ஹல்லு. செடியில் பூ, கன்னடத்தில் ஹூவு. புதரில் பாம்பு; கன்னடத்தில் ஹாவு. விரல்களை எண்ணினால் பத்து, கன்னடத்தில் ஹத்து.

இங்கே குழந்தை தானாகவே ஓர் உண்மையைக் கண்டுகொள்கிறது. தமிழ்ச் சொல்லின் முதலில் வரும் பகர ஒலி கன்னடத்தில் ஹகரமாக மாறிவருகிறது. மொழிநூலார் நெடுங்காலமாக அறிந்துள்ள இவ்விதியை ஆறு வயதுக் குழந்தை விளையாட்டாகப் பெற்றுவிடுகிறது. கண் என்பது கண்ணு, மீன் என்பது மீனு, மரம் என்பது மர, குதிரை என்பது குதுரெ, யானை என்பது ஆனெ என்று ஒவ்வொரு பக்கமும் உறவு காட்டும். தெலுங்கு பேசும் அண்டை வீட்டுக் குழந்தை வந்தால், புலி அங்கும் புலியே என்பதும், பால் பாலு என்பதும், பாம்பு பாமு என்பதும் தெரியவரும்.

இதனால் இரு நன்மைகள் உண்டாகின்றன. ஒன்று, பள்ளியின் கன்னடம் குழந்தைக்கு அயல்மொழியாகத் தோன்றாது, வீட்டு மொழியின் உடன்பிறப்பாகத் தோன்றுகிறது. மற்றொன்று, வீட்டில் பேசும் தமிழ் படிப்பிற்கு இடையூறு என்னும் தவறான எண்ணம் நீங்குகிறது. தாய்மொழியில் சொல்வளம் பெற்ற குழந்தை இரண்டாம் மொழியையும் உறுதியாகப் பற்றிக்கொள்ளும். கர்நாடகத்தில் பயிலும் குழந்தைக்குக் கன்னட அறிவு இன்றியமையாதது. அதனை அடையும் பாதை பாட்டியின் தமிழ் வழியாகவே செல்லலாம் என்பதைப் படநூல் காட்டுகிறது.

உடனிருந்து படிக்கும் முறை

படநூலை வாங்கிக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டால் போதாது. அதனை உடனிருந்து படிக்க வேண்டும். அமெரிக்காவில் ஒயிட்ஹர்ஸ்ட் என்னும் உளவியலறிஞரும் அவர்தம் குழுவினரும் 1988இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் குறிப்பிடத்தக்கது. பெற்றோர் ஒரு சாரார் வழக்கம்போல் படித்துக் காட்டினர். மற்றொரு சாரார் வினாக்கள் எழுப்பிக் குழந்தையையே பேசவைத்துப் படித்தனர். ஒரே மாதத்தில் இரண்டாம் பிரிவுக் குழந்தைகளின் பேச்சுத்திறன் தெளிவாக முந்தியது. ஒன்பது மாதங்கள் கழித்தும் அவ்வேறுபாடு முற்றும் மறையவில்லை. குழந்தை எவ்வளவு கேட்கிறது என்பதைவிட எவ்வளவு பேசுகிறது என்பதே முதன்மையானது என்பது இதன் முடிவு.

இம்முறையில் நான்கு படிகள் உள்ளன. முதலாவது, படத்தைக் காட்டிக் கேட்டல். இரண்டாவது, குழந்தையின் விடையை ஏற்றல். மூன்றாவது, அவ்விடையைச் சற்றே விரித்துச் சொல்லுதல். நான்காவது, விரித்த சொற்றொடரைக் குழந்தை திரும்பச் சொல்லச் செய்தல். ஒரு வீட்டில் இது பின்வருமாறு நிகழலாம்.

“இது என்ன கண்ணு?”

“புலி.”

“ஆமாம், புலிதான். என்ன பண்ணுது?”

“தண்ணி குடிக்குது.”

“ஆத்தங்கரையிலே நின்னு தண்ணி குடிக்குது. எங்கே, நீ சொல்லு?”

“ஆத்தங்கரையிலே நின்னு தண்ணி குடிக்குது. ஆயா, அங்க ஒரு மான் ஒளிஞ்சிருக்கு!”

கடைசி வரியை நோக்குக. மானைப் பாட்டி பார்க்கவில்லை, குழந்தை பார்த்தது. அக்கணத்தில் ஆசிரியர் யார், மாணவர் யார் என்னும் வேறுபாடு மறைகிறது. முக்கியமான செய்தி இன்னொன்றும் உண்டு. மேற்கண்ட உரையாடல் முழுவதிலும் பாட்டி ஓர் எழுத்தையும் படிக்கவில்லை. எழுத்தறியாத பாட்டியும், தமிழ் மட்டும் அறிந்த தாத்தாவும் கன்னட நூலையோ ஆங்கில நூலையோ குழந்தையுடன் இருந்து படிக்க முடியும். படம் எல்லோருக்கும் விளங்கும் எழுத்து. அவர்கள் படத்தைக் கொண்டு கதை சொல்ல, குழந்தை தான் பள்ளியில் கற்ற எழுத்துகளைக் கூட்டிப் படித்துக் காட்டும். ஒருவர் அறிந்ததை மற்றவர்க்கு அளிக்கும் நல்ல கொடுக்கல் வாங்கல் இது.

சில சிறு குறிப்புகள் பயன்படும். குழந்தையை மடியிலோ அருகிலோ அமர்த்தி, இருவர் கண்ணும் ஒரே பக்கத்தில் விழுமாறு நூலைப் பிடிக்க வேண்டும். பக்கத்தைத் திருப்பும் உரிமை குழந்தைக்கே இருக்கட்டும். ஒரே நூலை இருபது முறை கேட்டாலும் மறுக்கலாகாது. அடுத்து வருவதை முன்கூட்டி அறிவதில்தான் குழந்தை படிக்கும் துணிவைப் பெறுகிறது. பத்து நிமிடம் போதும். ஆனால் நாள்தோறும் வேண்டும். கதை முடிந்ததும் நீதி என்ன என்று கேட்டுத் தேர்வு நடத்த வேண்டாம். இரவில் திரும்பும் தாய்க்குக் குழந்தையே கதையைச் சொல்லிக் காட்டினால், அந்தப் பத்து நிமிடம் இரட்டிப்பாகிறது. பகலெல்லாம் பிரிந்திருந்த இருவருக்கும் பேசுவதற்கு ஒரு பொருளும் கிடைக்கிறது.

நூல்களைத் தேடிக் கண்டுபிடித்தல்

நல்ல படநூல் எது என்று அறிவது எவ்வாறு? பின்வரும் சோதனைகள் பெற்றோருக்கும் நூலகர்க்கும் உதவும்.

முதலாவதாக, எழுத்தை மறைத்துவிட்டுப் படங்களை மட்டும் புரட்டிப் பார்க்க வேண்டும். கதையின் பெரும்பகுதி விளங்கினால் அது நல்ல படநூல். இரண்டாவதாக, படத்தில் மீண்டும் மீண்டும் பார்க்கத்தக்க சிறு நுணுக்கங்கள், ஒரு மூலையில் ஒரு பூனையோ தொலைவில் ஒரு வண்டியோ, இருக்கின்றனவா என்று காண வேண்டும். மூன்றாவதாக, எழுத்தை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். நாவில் இடறும் மொழிபெயர்ப்பைக் குழந்தை ஏற்காது. நான்காவதாக, நூலில் வரும் வீடும் உணவும் உடையும் நம் குழந்தைக்குத் தெரிந்தவையா என்பதையும், தெரியாத உலகம் ஒன்றையும் அது திறந்து காட்டுகிறதா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தன்னைப் போன்ற குழந்தையை நூலில் ஒருபோதும் காணாத குழந்தை, நூல் பிறர்க்குரியது என்று எண்ணிவிடும்.

எழுத்தின் அளவையும் கருதுதல் வேண்டும். பிரதம் புக்ஸ் தன் நூல்களை நான்கு நிலைகளாகப் பகுத்துள்ளது: முதல் நிலை ஏறத்தாழ 250 சொற்களுக்குள், இரண்டாம் நிலை 600 சொற்களுக்குள், மூன்றாம் நிலை 1,500 சொற்களுக்குள், நான்காம் நிலை அதற்கு மேல். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக வகுத்தது. இப்பெயர்களே முறையை விளக்கிவிடுகின்றன. வயதைக் கேட்டு நூலைக் கொடுப்பதைவிட, குழந்தை இப்போது நுழைகிறதா, நடக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பது அறிவுடைமை. மூன்றாம் வகுப்பில் பயிலும் குழந்தை கன்னடத்தில் ஓடலாம். தமிழில் இப்போதுதான் நுழையலாம். இரண்டிற்கும் ஏற்ற நூல்கள் வேண்டும்.

தங்கவயல் இவ்வகையில் நற்பேறு பெற்ற இடத்தில் உள்ளது. தமிழ் நூல்கள் பெருகும் சென்னைக்கும், கன்னட நூல்கள் பெருகும் பெங்களூருக்கும் இடைப்பட்ட ஊர் அது. நேஷனல் புக் டிரஸ்டின் வட்டார அலுவலகமும் பெங்களூரில் உள்ளது. நாள்தோறும் அந்நகருக்குச் சென்று திரும்பும் பெற்றோருள் ஒருவர் மாதத்திற்கு ஒரு நூல் கொண்டுவந்தாலும், ஐந்து வீடுகள் தமக்குள் மாற்றிக்கொண்டால், ஆண்டிற்கு அறுபது நூல்கள் ஒரு தெருவில் வலம்வரும். கைப்பேசி உள்ள வீட்டில் கட்டணமில்லா மின்னூல்களையும் படிக்கலாம். ஆயினும் சிறு குழந்தைக்குத் தாள் நூலே ஏற்றது. புரட்டவும், முன்னும் பின்னும் தேடவும், தனதென்று அணைத்துக்கொள்ளவும் அது இடந்தருகிறது.

ஊரின் சொந்தப் படநூல்

இதுவரை கூறியவை பிறர் ஆக்கிய நூல்களைப் பற்றியவை. தங்கவயல் தானே ஆக்க வேண்டிய படநூல் ஒன்று உண்டு.

எழுத்தும் அச்சும் இவ்வூர்த் தொழிலாளர்க்குப் புதியவை அல்ல. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய தமிழன் இதழ், அவர் மறைவிற்குப் பின் நின்று, 1926இல் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் முயற்சியால் மீண்டும் வெளிவந்தது. சாம்பியன் ரீப்பில் இயங்கிய சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களைப் பதிப்பித்தது. நிலத்தடியில் உழைத்த மக்கள், நிலத்தின்மேல் இதழ் நடத்திய வரலாறு இது. இவ்வூர்க் குழந்தைகளைப் புத்தகத்தோடு உறவில்லாத தொழிலாளரின் பிள்ளைகள் என்று எவரும் எண்ணிவிடலாகாது. அவர்கள் படிப்பது மரபைத் தொடர்வதேயாகும்.

இன்று அங்குப் பத்து வயதான குழந்தை எதுவும் சுரங்கம் இயங்கிப் பார்த்ததில்லை. அதற்குத் தெரிந்தவை துருப்பிடித்த சுழற்சக்கரக் கோபுரமும், கழிவுமண் குவிந்து உயர்ந்த மேடுகளும்தான். கூண்டில் இறங்கிய அனுபவமும், 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தின் வெப்பமும், சங்கொலி கேட்டு ஊர் எழுந்த காலமும் தாத்தாக்களின் நினைவில் மட்டுமே வாழ்கின்றன. அந்நினைவுகளுக்கு உரியவர்கள் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர்.

ஆகவே பள்ளிகள் ஓர் எளிய முயற்சியை மேற்கொள்ளலாம். குழந்தைகள் தம் தாத்தாவிடமும் பாட்டியிடமும் ஒரே ஒரு வினாவைக் கேட்டுவரட்டும்: வேலைக்குப் போன முதல் நாள் எப்படி இருந்தது? கேட்டதை எட்டுப் படங்களாக வரையட்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் தமிழில் ஒரு வரி, கன்னடத்தில் ஒரு வரி எழுதட்டும். நான்கு தாள்களை இரண்டாக மடித்து நடுவில் தைத்தால் பதினாறு பக்கங்கள்.  பதிப்பகங்களின் படநூல்கள் பலவும் 16, 24, 32 என்று எட்டின் மடங்காகவே அமைவது தாளை மடிக்கும் முறையினாலேதான். இவ்வாறு ஒரு வகுப்பில் முப்பது நூல்கள் உருவானால், அவை வகுப்பின் நூலகமாகும். ஊரின் வரலாற்று ஆவணமாகவும் ஆகும். தம் கதை புத்தகமாவதைக் காணும் முதியவர், பேரக்குழந்தைக்குப் பிற நூல்களையும் படித்துக் காட்ட முன்வருவார் என்பதில் ஐயமில்லை.

நிர்வாகம் செய்யத்தக்கவை

வீட்டு முயற்சி நிலைபெற அரசு அமைப்புகளின் துணை வேண்டும். மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருளுணர்ந்து படிக்கவும் அடிப்படைக் கணக்கைச் செய்யவும் வேண்டும் என்பதை 2026-27க்குள் அடையும் இலக்குடன் நிபுண் பாரத் இயக்கம் 2021 ஜூலை 5இல் தொடங்கப்பெற்றது. அவ்விலக்கு பாடப்புத்தகத்தால் மட்டும் நிறைவேறாது. பாடப்புத்தகம் குழந்தை படிக்க வேண்டிய நூல். படநூலோ குழந்தை படிக்க விரும்பும் நூல்.

1975 அக்டோபர் 2இல் 33 வட்டாரங்களில் தொடங்கி நாடெங்கும் பரவிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் இதற்கு ஏற்ற இடம். ஊட்டச்சத்து மாவைப் போலவே படநூலும் குழந்தையுடன் வீட்டிற்குச் செல்லலாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையில் 1989இல் குழந்தை மருத்துவர்கள் சிகிச்சைக்கு வரும் குழந்தைகளுக்கு நூல் கொடுக்கத் தொடங்கினர். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1992இல் கைக்குழந்தைகளின் வீடுகளுக்கு நூற்பைகள் வழங்கும் முயற்சி தோன்றி, பின்னர் நாடெங்கும் பரவியது. இரண்டிலும் தனித்துறை எதுவும் அமைக்கப்படவில்லை. குழந்தை ஏற்கனவே வந்துபோகும் இடத்தில் நூலும் சேர்க்கப்பட்டது. கர்நாடகத்திலேயே 2020 நவம்பர் 14இல் தொடங்கிய ஓதுவ பெளகு இயக்கம், கிராம ஊராட்சி நூலகங்களைக் குழந்தைகளுக்குத் திறந்துவிட்டது. நகராட்சிப் பகுதியான தங்கவயலுக்கும் இத்தகைய ஏற்பாடு பொருந்தும்.

அலுவலர்கள் கருத வேண்டியவை மூன்று. நூல் வாங்கும்போது ஒரே நூலின் கன்னடப் பதிப்பையும் தமிழ்ப் பதிப்பையும் இணையாக வாங்க வேண்டும். எல்லைப்புற மாவட்டங்கள் அனைத்திற்கும் இது பொருந்தும். நூல் கிழிந்துவிடும் என்று அஞ்சி அதனை அலமாரியில் பூட்டி வைக்கலாகாது. கிழிந்த நூல் படிக்கப்பட்ட நூல், இருப்புக் கணக்கில் அதனைத் தேய்மானமாகக் கொள்ள விதிகள் இடந்தர வேண்டும். வாரத்தில் ஒரு நாள் மாலையில் ஓய்வுபெற்ற தொழிலாளரை அழைத்துக் கதை சொல்லச் செய்ய வேண்டும். இதற்குச் செலவு சிறிது, பயன் பெரிது.

முடிவுரை

தங்கவயல் மக்கள் தம் கைப்பொன் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. அது வெளியே சென்றுவிட்டது. அவர்கள் தம் பிள்ளைகளுக்கு அளிக்கக்கூடிய சொத்து கல்வி ஒன்றே. அக்கல்வியின் முதற்படியில் குழந்தை இடறாமல் இருக்க வேண்டுமானால், வீட்டில் உள்ள முதியவரின் மொழியும் நினைவும் நேரமும் வீணாகாமல் பயன்பட வேண்டும். அதற்குரிய மலிவான, இனிய கருவி படநூல். மாலையில் விளக்கேற்றியபின் பத்து நிமிடம், ஒரு மடி, இரு தலைமுறை, ஒரு நூல் என்னும் ஏற்பாட்டை எந்த வீடும் இன்றே தொடங்கலாம். பாட்டி புலி என்பார். குழந்தை ஹுலி என்னும். படத்தில் இருப்பதோ இருவரும் கண்டு மகிழும் ஒரே விலங்கு.